தூக்காத கை

பள்ளி ஆண்டு மலருக்கு என்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். 'மாணவிகளிடம் தலைமைப் பண்பை வளர்த்தவர்' என்று தலைப்பையும் அவர்களே வைத்துவிட்டார்கள். பக்கத்தில் என் படம் வருமாம். மூன்று முறை உட்கார்ந்து எழுதிப் பார்த்துவிட்டேன். பிறந்த தேதி வரைக்கும் ஒழுங்காக வருகிறது. அதற்குமேல் எழுதினால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடப் போகிறேன். அவர்கள் போட மாட்டார்கள். போடாவிட்டால் போகட்டும்.

நான் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. இருபத்து மூன்று வருடமாக அதே மைதானம், அதே பொருள் அறை, அதே இரண்டு துருப்பிடித்த கம்பங்கள். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் விசில். நேரில் 'மிஸ்', முதுகுக்குப் பின்னால் விசில். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். தொண்டை கிழியக் கத்துவேன், கத்தி முடித்ததும் மறந்துவிடுவேன். கேட்டுக்கொண்டு நின்றவர்கள் மறந்தார்களா என்று ஒருநாளும் விசாரித்ததில்லை.

படிக்கிற காலத்தில் நானும் வாலிபால் ஆடினேன். ஆடினேன் என்பதைவிட ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்வதுதான் சரி. மூன்று வருடமும் மாற்று ஆட்டக்காரிதான். எங்கள் பயிற்சியாளர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஏதாவது தப்பு நடந்தால், செய்தது யார் என்று தெரியும்வரை மொத்த அணியையும் ஓட விடுவார். யாராவது பெயரைச் சொல்லிவிட்டால் சொன்னவளுக்கு ஓட்டம் கிடையாது. ஒருநாள் பதினேழாவது சுற்றில் என் உயிர்த்தோழியின் பெயரைச் சொல்லிவிட்டு, நான் நிழலில் போய் உட்கார்ந்துகொண்டேன். அதற்குப் பிறகு அவள் என் முகத்தில் விழிக்கவில்லை. நான் ஆசிரியை ஆனால் பிள்ளைகளை இப்படிக் கோள் சொல்லப் பழக்கக் கூடாது என்று அன்றைக்கு நினைத்தேன்.

அப்படி வந்ததுதான் 'முதல் கை'. எங்கள் பள்ளியில் இதைத் தெரியாதவர்கள் கிடையாது. பந்து கிழிந்தாலும், கண்ணாடி உடைந்தாலும், எவளாவது சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டாலும், நான் "யாரு?" என்று ஒருமுறைதான் கேட்பேன். உடனே கேப்டன் கை தூக்க வேண்டும். அவள் செய்தாள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. என் அணியில் நடந்தது, நான் முன்னால் நிற்கிறேன் என்று அர்த்தம். கேப்டன் அப்படித் தனியாக நிற்பதைப் பார்த்தால் உண்மையில் செய்தவளுக்கு உள்ளே உறுத்தும். அவள் தானாகக் கை தூக்குவாள். அதுதான் இரண்டாவது கை. இரண்டாவது கை வந்துவிட்டால் யாருக்கும் தண்டனை இல்லை, உடைந்ததைச் சரிசெய்தால் போதும். எட்டு வருடத்தில் இரண்டாவது கை வராத நாளே கிடையாது. ஒரு டியூப்லைட் உடைந்தபோது மட்டும் அரைமணி நேரம் ஆனது. அந்த அரைமணி நேரமும் கேப்டன் கையை இறக்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் வந்தது.

மற்ற ஆசிரியைகளும் வகுப்பில் இதைப் பிடித்துக்கொண்டார்கள். தலைமை ஆசிரியை காலைக் கூட்டத்தில் என்னை நிற்கவைத்துப் பாராட்டினார். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

டியூப்லைட்டுக்குக் கை தூக்கி நின்ற கேப்டன்தான் ஏணி. உயரத்தால் வந்த பெயர். ஆறாம் வகுப்பில் சேரும்போதே எட்டாம் வகுப்புக்காரிகளின் தலைக்கு மேல் தெரிந்தாள். உயரத்துக்கு வெட்கப்பட்டு முதுகை வளைத்து நடப்பாள். "நிமிருடி, வானம் இடிக்காது" என்று கத்திக் கத்தியே நிமிர்த்தினேன். அப்பா சின்ன சரக்கு வேன் ஓட்டுகிறவர், அம்மா துணி தைக்கும் கம்பெனியில். ஏணி அதிகம் பேச மாட்டாள். ஆனால் சின்னவள் ஒருத்தி பந்தை விட்டுவிட்டு முழித்தால், பக்கத்தில் போய் ஏதோ முணுமுணுப்பாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது, அடுத்த பந்தை அந்தச் சின்னவள் எடுத்துவிடுவாள்.

நான் சொல்லப்போவது நடந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அந்த வருடம் அவள் பள்ளியில் கடைசி வகுப்பு. அரசாங்க விளையாட்டு விடுதியில் ஒரு பள்ளிக்கு ஒரு பெண்ணை எடுப்பார்கள். தங்க இடம், மூன்று வேளை சாப்பாடு, பயிற்சி, மேற்படிப்பு எல்லாம் அங்கேயே. வயது வரம்பு உண்டு, அடுத்த வருடம் முயற்சி செய்ய முடியாது. விடுதிப் பயிற்சியாளர் ஏணியை இரண்டு போட்டிகளில் பார்த்திருந்தார். தலைமை ஆசிரியை நடத்தைக் கடிதம் கொடுத்துப் பெயரை அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. அந்தப் பெண்ணின் வாழ்க்கை அந்த ஒரு கடிதத்தில் இருந்தது. இது எனக்கு நன்றாகத் தெரியும் என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

எங்கள் மைதானத்தில் வலையை இறுக்குவதற்கு ஒரு கம்பத்தில் இரும்புக் கைப்பிடி இருக்கிறது. அதைச் சுற்றினால் கம்பி இறுகும். இறுகியதும் பல்சக்கரத்தில் ஒரு கொக்கியை விழவைக்க வேண்டும். கொக்கி சரியாக விழாவிட்டால் கம்பியின் இழுப்பில் கைப்பிடி எப்போது வேண்டுமானாலும் பின்னால் சுழன்று அடிக்கும். தினமும் வலை கட்டுவது கேப்டன் வேலை. ஏணி கட்டி முடித்துக் கொக்கியைக் கையால் அழுத்திப் பார்த்து, "கொக்கி விழுந்தாச்சு மிஸ்" என்று குரல் கொடுத்த பிறகுதான் நான் விசில் ஊதுவேன்.

அன்றைக்கு நாலரை மணிக்கு விடுதிப் பயிற்சியாளர் வருவதாக இருந்தது. எனக்கு ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. பந்துக்குக் காற்றடிக்கும் பம்பை அலுவலகத்திலிருந்து வாங்கி வர ஏணியை அனுப்பினேன். மற்றவர்கள் உடை மாற்றப் போயிருந்தார்கள். அவள் வரும்வரை ஏன் சும்மா நிற்க வேண்டும் என்று நானே வலையைக் கட்டினேன். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் போன் செய்தார். கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது, புத்தகம் எங்கே என்று கேட்டார். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "அலமாரி மேல் தட்டுல பாருங்க, கண்ணு எங்க வச்சிருக்கீங்க" என்று அவரைக் கடிந்துகொண்டே கைப்பிடியைச் சுற்றினேன். கொக்கியைத் தட்டிவிட்டேன். விழுந்ததா என்று பார்க்கவில்லை.

ஏணி பம்போடு வந்தாள். வலை இறுகி நிற்பதைப் பார்த்துவிட்டு, வழக்கம்போலக் கம்பத்தின் பக்கம் போனாள்.

"எல்லாம் நான் பாத்துட்டேன்டி. நீ போய் உடம்பைச் சூடாக்கு. ஆளு வர நேரமாச்சு" என்றேன்.

"கொக்கி மிஸ்?"

"சொல்றேன்ல, போ."

அவள் போய்விட்டாள். இந்த நாலு வரிப் பேச்சை ஒருவரும் கேட்கவில்லை.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். அணியிலேயே உரத்த குரல்காரி ரேடியோ என்று ஒருத்தி. அவள் ஓங்கி அடித்த பந்து நேராக வலையில் மோதியது. வலை அதிர்ந்தது, கொக்கி நழுவியது, கைப்பிடி படபடவென்று சுழன்றது. கம்பத்தை ஒட்டிப் பந்துக்காகக் கை நீட்டி நின்ற குருவியின் முழங்கைக்குக் கீழே அடி விழுந்தது. குருவிதான் அணியில் ஆகச் சின்னவள், ஏழாம் வகுப்பு. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவளை நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். பள்ளி வேனில் அவள் வலியில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "மிஸ், மிஸ்" என்று அழுதாள். அந்த நேரத்தில் நான் நல்லவளாகத்தான் இருந்தேன்.

மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது மைதானத்தில் கூட்டம். தலைமை ஆசிரியை, நாலைந்து ஆசிரியைகள், குருவியின் தாய்மாமா. அந்த மனிதருக்குக் குரல் ஊருக்கே கேட்கும். "எவன் பொறுப்பு இதுக்கு? எழுதிக் குடுங்க, நான் போலீஸுக்குப் போறேன்" என்று கத்திக்கொண்டிருந்தார். விடுதிப் பயிற்சியாளர் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, "நான் ஏற்கெனவே பாத்த பொண்ணுதான், கடிதத்தை மாசக் கடைசிக்குள்ள அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தலைமை ஆசிரியை பிள்ளைகளை வரிசையாக நிற்கச் சொன்னார். "வலை கட்டினது யாரு?"

ஏணி கை தூக்கினாள்.

தலைமை ஆசிரியைக்கும் முதல் கையின் அர்த்தம் தெரியும். அதனால் பொறுமையாக நின்றார். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏணி யாரையும் தேடவில்லை, என்னைத்தான் பார்த்தாள். மிரட்டும் பார்வை இல்லை, கெஞ்சலும் இல்லை. டியூப்லைட் நாளில் நின்ற மாதிரியே, வந்துவிடும் என்ற நம்பிக்கையோடு நின்றாள்.

என் கைகள் இரண்டும் டிராக்சூட் பையில் இருந்தன. வலது கையில் விசிலைப் பிடித்திருந்தேன்.

நான் அப்போது பதினோரு வருட ஒப்பந்த ஆசிரியை. நிரந்தரம் ஆக்குவதற்கான பட்டியல் தலைமை ஆசிரியையின் மேஜையில் இருந்தது. அதை நினைத்துத்தான் வாயைத் திறக்கவில்லை என்று பல வருடம் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த நிமிடம் பட்டியல் எதுவும் ஞாபகத்தில் இல்லை. எல்லோரும் பார்க்கிறார்கள், அந்த மாமா இன்னும் கத்திக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் எட்டு வருடமாக என் முன்னால் தாண்டிய இடத்தை நாற்பது வயதில் என்னால் தாண்ட முடியவில்லை.

"நீதான் கட்டினியா?" என்று தலைமை ஆசிரியை கேட்டார்.

"என் பொறுப்பு மேடம்" என்றாள் ஏணி. பொய் சொல்லவில்லை பாருங்கள். அப்போதும் அவள் பொய் சொல்லவில்லை.

இரண்டாவது கை வரவில்லை என்றால் முதல் கைக்காரிதான் செய்திருக்கிறாள் என்று எல்லோரும் முடிவுக்கு வந்துவிட்டார்கள். நான் கண்டுபிடித்த முறைதானே, அதைத் தப்பு என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சின்னப் பெண் தெரியாமல் செய்துவிட்டாள் என்றதும் மாமாவின் கோபம்கூட இறங்கிவிட்டது. ஏணியின் கேப்டன் பட்டையைக் கழற்றி ரேடியோவுக்குக் கொடுத்தார்கள். கழற்றிக் கொடுத்தது நான்தான். ஊக்கு அவள் சட்டையில் மாட்டிக்கொண்டது, அவளே எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிலிண்டரைத் திரும்பிப் பார்த்தார். "நான் அப்ப போன் பண்ணியிருக்கக் கூடாது" என்றார்.

"உங்க மேல தப்பு இல்லை. நாளைக்கே போய்ச் சொல்லிடறேன்."

"சொல்லிடு. ஆனா அந்த மாமா கொஞ்சம் ஆறட்டும். ரெண்டு நாள் விட்டுச் சொல்லு."

இரண்டு நாள் நான்காகி, நான்கு பத்தாயிற்று. காலையில் பல் தேய்க்கும்போது இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றும். பள்ளி வாசல் வரும்வரைகூட அந்தத் தைரியம் இருக்கும். தலைமை ஆசிரியை அறை வாசலில் யாராவது நின்றால், அப்பாடா என்று திரும்பிவிடுவேன். அப்படித் திரும்பும்போது வந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஏணி தினமும் பயிற்சிக்கு வந்தாள். பந்து பொறுக்கினாள், கோடு போட்டாள், முடிந்ததும் "வரேன் மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனாள். முதல் வாரம் முழுக்க அப்படிச் சொல்லும்போது ஒரு நொடி நின்றாள். அடுத்த வாரம் நிற்பதை விட்டுவிட்டாள்.

ஒருநாள் பந்து சுவர் தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டு மாடிப் பூந்தொட்டியை உடைத்தது. "யாரு?" என்றேன். ரேடியோ கை தூக்கவில்லை. தரையைப் பார்த்தாள். யாருமே தூக்கவில்லை. "கேட்கிறது காதுல விழல?" என்று கத்தினேன். பின்வரிசையில் ஒரு குரல், "அவதான் மிஸ்" என்று பக்கத்தில் இருந்தவளைக் காட்டியது. காட்டிய பிள்ளை நிம்மதியாக மூச்சு விட்டதைக் கண்ணால் பார்த்தேன். எட்டு வருட உழைப்பு இரண்டு வாரத்தில் போய்விட்டது. கை தூக்கினால் என்ன ஆகும் என்று அவர்கள் ஏணியைப் பார்த்துத் தெரிந்துகொண்டுவிட்டார்கள்.

பத்தொன்பதாம் நாள் காலை வாசலில் ஏணியின் அப்பாவைப் பார்த்தேன். சரக்கு வேனின் முன்கதவைத் திறந்து, மாவுக்கட்டுப் போட்ட கையோடு இருந்த குருவியை மெதுவாக இறக்கிவிட்டார். அவள் பையைத் தானே தூக்கிக்கொண்டார். பின்னால் காலிப் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து ஏணி இறங்கினாள்.

என்னைப் பார்த்ததும் அவர் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "மன்னிச்சுக்கணும் மிஸ். நாங்க ரெண்டு பேரும் வேலைக்கு ஓடறவங்க, பொண்ணை ஒழுங்கா வளர்க்கத் தெரியல. நீங்க எவ்வளவோ சொல்லிக்கொடுத்தீங்க. அந்தப் பாப்பாவுக்குக் கை சரியாகற வரைக்கும் நானே தினமும் கூட்டிட்டு வந்து விடறேன்னு அவங்க வீட்டுல சொல்லியிருக்கேன்."

வீட்டில்கூட அவள் சொல்லவில்லை.

நான் நேராகத் தலைமை ஆசிரியை அறைக்குப் போனேன். உள்ளே ஆள் இருந்தது. நிற்கவில்லை, நுழைந்துவிட்டேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சிலிண்டர், போன், கொக்கி, "சொல்றேன்ல, போ" வரைக்கும் விடாமல் சொன்னேன். சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. அந்த லேசு அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க இப்படி வந்து நிப்பீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

"மேடம்?"

"உங்க முதல் கை இதுதானே. பொண்ணு மாட்டிக்கிட்டான்னதும் நீங்க முன்னால வந்து நிக்கறீங்க. விடுதிக் கடிதத்துக்காகத்தான்னு எனக்குப் புரியாம இல்ல."

"இல்லை மேடம். நிஜமாவே நான்தான் கட்டினேன்."

"சரி, சரி. உக்காருங்க முதல்ல."

"நான் கதை சொல்லல மேடம்."

"இவ்வளவு விவரமா யோசிச்சு வச்சிருக்கீங்களே, அதுலயே தெரியுது உங்க மனசு." உள்ளே இருந்த கணக்கு ஆசிரியையைப் பார்த்து, "இந்த மாதிரி ஒருத்தர் நமக்குக் கிடைக்க மாட்டாங்க" என்றார். கணக்கு ஆசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் கத்தினேன். மேஜையைத் தட்டினேன். அலுவலகத்து அம்மாவைக் கூப்பிட்டு அன்றைக்கு ஏணி பம்பு வாங்க வந்த நேரத்தைக் கேளுங்கள் என்றேன். அந்த அம்மா வந்து, "அந்தப் பொண்ணு தினமும்தான் ஏதாச்சும் வாங்க வரும், எந்த நாள் எத்தனை மணின்னு யாருக்கு ஞாபகம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் எவ்வளவுக்கு அடித்துச் சொன்னேனோ அவ்வளவுக்கு என்னைப் பெரிய மனுஷி ஆக்கினார்கள்.

"கடிதத்தையாவது மாத்தி எழுதுங்க மேடம்."

"ஏணிக்குப் பதிலா ரேடியோ பேரை மூணு நாள் முன்னாடியே அனுப்பியாச்சு. பள்ளிக்கு ஒரு பேர்தான். அந்தப் பொண்ணு வீட்டுல எல்லாருக்கும் சொல்லிட்டாங்க. இனிமே எப்படி இல்லைன்னு சொல்றது?"

மூன்று நாள். பதினாறாம் நாள் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். பொருள் அறையில் பந்துகளை எண்ணிக்கொண்டிருந்தேன். விடுதிக்கு நானே போன் செய்தேன். தலைமை ஆசிரியையின் கடிதம் இல்லாமல் முடியாது என்றார்கள்.

மறுநாள் காலைக் கூட்டத்தில், பெயர் சொல்லாமல், "தன் மாணவிக்காகத் தன் வேலையையே பணயம் வைக்கத் துணிந்த ஆசிரியை" என்று தலைமை ஆசிரியை பேசினார். எல்லோரும் என் பக்கம் திரும்பிக் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் மற்றவர்கள் தலைக்கு மேல் ஏணியின் முகம் தெரிந்தது. அவளும் தட்டினாள். தட்டாமல் நின்றால் அவளை நன்றிகெட்டவள் என்று சொல்வார்கள், வேறு என்ன செய்வாள்.

அன்று மாலை குருவியின் வீட்டுக்குப் போனேன். குருவியின் அம்மாவிடம் சொன்னேன், மாமாவிடமும் சொன்னேன். போலீஸுக்குப் போகிறேன் என்று குதித்த அதே மாமா எழுந்து நின்று, "டீச்சர்னா இப்படி இருக்கணும்" என்றார். "யோவ், உன் அக்கா பொண்ணு கையை உடைச்சது நான்யா" என்று வயது மரியாதை பார்க்காமல் கத்திவிட்டேன். அதற்கும் அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

அங்கிருந்து ஏணியின் வீடு இரண்டு தெரு தள்ளி. மாடிப்படிக்குக் கீழே இரண்டு அறை. அவள் அப்பா ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். அம்மா இன்னும் கம்பெனியிலிருந்து வரவில்லை. ஏணி தரையில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். கூரை தாழ்வானது, மறுபடியும் முதுகை வளைத்துத்தான் நின்றாள்.

"பள்ளிக்கூடத்துல சொன்னாங்க மிஸ்" என்று அவர் கைகூப்பினார். "எங்க பொண்ணுக்காக நீங்க உங்க மேல போட்டுக்கிட்டீங்களாம். நாங்க என்ன புண்ணியம் பண்ணினோமோ."

"போட்டுக்கல. நடந்ததே அதுதான். உங்க பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லை. அவ கொக்கியைப் பாக்கப் போனா, நான்தான் தடுத்தேன்."

"சரிங்க மிஸ்" என்றார், குழந்தையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி.

வேறு வழி தெரியாமல் நான் ஏணியைப் பார்த்தேன். "நீ சொல்லும்மா. அன்னைக்கு நீ பம்பு வாங்கிட்டு வந்தப்ப என்ன நடந்துச்சு? அப்பாகிட்ட சொல்லு."

அவள் கையில் இருந்த சட்டையை மடித்து முடித்தாள். அடுக்கின்மேல் வைத்தாள். "மிஸ்தான் வலை கட்டினாங்கப்பா. நான் வர்றதுக்குள்ள கட்டிட்டாங்க" என்றாள்.

அவர் முகம் மாறிவிட்டது. இருபது நாளாக அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது என்று நினைக்கிறேன். "வெக்கமா இல்ல உனக்கு? உன்னைக் காப்பாத்த வீடு தேடி வந்திருக்காங்க, அவங்க மேலயே பழியைத் தூக்கிப் போடறியா? இதைத்தான் படிச்சியா அங்க?"

"அய்யோ, அவ உண்மையைத்தான் சொல்றா" என்று நான் எழுந்தேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். மகளிடம், "மிஸ்கிட்ட மன்னிப்புக் கேளு" என்றார்.

நான் வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கைகளையும் நீட்டித் தடுத்தேன். அந்த மனிதர் கேட்பதாக இல்லை. ஏணி அப்பாவிடம் வாதாடவில்லை. என் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணில் கோபத்தைத் தேடினேன், இருந்தால் பிடித்துக்கொண்டிருப்பேன். இல்லை.

"அன்னைக்கே சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்க மிஸ்" என்றாள். பிறகு அப்பா சொன்னபடியே என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.